இழுவை போன 15 குதிரை: எண்ணூர்ப் படகு மோட்டார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மோட்டார் இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 15 குதிரைத்திறன். கயிறு இழுத்துக் கிளப்பி, கைப்பிடியைத் திருகி ஓட்டுகிற ரகம். ஒரே கார்புரேட்டர், சி.டி.ஐ. இக்னிஷன் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மின்னணு அமைப்பு). வயது இருபதுக்கு மேல். கை மாறிக் கை மாறி வந்தது. படகு 18 அடி ஃபைபர். எண்ணூர்க் கழிமுகத்தில் நண்டுக்கும் இறாலுக்கும் போகும். கடல் அடங்கியிருக்கும் நாளில் முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் வலை விட்டு வரும்.

குறையைப் படகுக்காரத் தம்பி சொன்னபடியே எழுதுகிறேன்: “ஸ்டார்ட்டிங்ல ஒண்ணும் இல்லண்ணா. ரெண்டாவது இழுப்புல புடிச்சிக்கும். சும்மா நிக்கும்போதும் நல்லாத்தான் ஓடுது. ஆனா பாதி திருகினாலும் அதே ஓட்டம், முழுசா திருகினாலும் அதே ஓட்டம். சத்தம்தான் ஜாஸ்தி ஆவுது.”

ஆற்றுக்குள் இது வெறும் எரிச்சல். முகத்துவாரத்தில் கதை வேறு. வற்று நீர் ஆற்றிலிருந்து வெளியே இழுக்கும், எதிரே கடலலை மணல் திட்டின் மேல் மடியும். இரண்டு அலைக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் சட்டென்று வேகமெடுத்து ஏறி வந்துவிட வேண்டும். திருகினதும் சக்தி கொடுக்காத மோட்டாரோடு அங்கே போய் நிற்கக் கூடாது. தம்பியின் அப்பா அந்தக் காரணத்துக்காகவே படகை ஆற்றோடு நிறுத்திவிட்டார்.

என்னிடம் வருவதற்கு முன்னாலேயே பிளக் இரண்டும் புதுசு, ஃபியூயல் பம்ப் டயாபிரம் புதுசு, ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பும் புதுசு. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாயிற்று. எதற்கும் அசையவில்லை. அடுத்து சி.டி.ஐ. யூனிட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டு மலைத்துப் போய்த்தான் என் ஷெட்டுக்கு வந்தான்.

காரணம் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பெரியவருக்கு பெட்ரோல் மேல் சந்தேகம். “இப்ப போடுற பெட்ரோல்ல சரக்கு கலக்குறான்பா, அதான் இழுக்கல.” தம்பிக்கு 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கறுப்பு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தபோது, இந்தப் படகும் மோட்டாரும் அதிலேயேதான் மிதந்துகொண்டிருந்தன. அதற்கு அப்புறம்தான் ஓட்டம் குறைய ஆரம்பித்தது என்பது அவன் கணக்கு. கரையில் இருந்த மற்றவர்களோ செட் (பிஸ்டனும் ரிங்கும்) தேய்ந்துபோச்சு, போர் பண்ணு, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிசாக்கு என்றார்கள்.

மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொன்னவை.

முதல் கேள்வி: சுற்று எவ்வளவு?

இழுவை இல்லை என்று வரும் மோட்டாரில் நான் முதலில் பிளக்கைத் தொடுவதில்லை. எஞ்சின் சக்தியைத் தயாரிக்கவில்லையா, தயாரித்தது தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லையா, இல்லை எஞ்சின் சரியாக இருந்து படகுதான் அளவுக்கு மேல் கேட்கிறதா? இந்த மூன்றையும் பிரிக்காமல் பார்ட்ஸ் வாங்கினால் பணம்தான் கரையும்.

பிரித்துக் காட்டுவது ஆர்.பி.எம். மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. பிளக் வயரில் ஒரு சுற்று சுற்றிக் கட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை பொறி என்கிற செட்டிங்கை மட்டும் சரியாக வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் இரண்டு மடங்கோ பாதியோ காட்டி ஆளை அலைக்கழிக்கும். இந்த மோட்டாருக்கு முழுத் திருகலில் 4500 முதல் 5500 வரை சுற்ற வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு.

புரொப்பெல்லரின் நடுவே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கினால் எஞ்சின் பாரமில்லாமல் எகிறும், சுற்று ஏறும், படகு நகராது. மோட்டாரைப் பின்பலகையில் உயரமாக மாட்டி, புரொப்பெல்லர் காற்றைக் குடித்தாலும் அதே மாதிரிதான். சுற்றும் குறைவு, ஓட்டமும் குறைவு என்றால் எஞ்சின் சோடை, அல்லது அதன் மேல் பாரம் அதிகம்.

தண்ணீரில் இறக்கி முழுசாகத் திருகச் சொன்னேன். 3800. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் மணிக்கு ஒன்பது, ஒன்பதரை கிலோமீட்டர்.

எங்கே வைத்து ஓட்டிப் பார்க்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலை ஆறு பல இடங்களில் மேடேறிக் கிடக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓட்டினால் படகின் பின்பக்கம் அடியை நோக்கி இறங்கி, பாரம் கூடி, நல்ல எஞ்சின்கூட சுற்றுக் குறைத்துக் காட்டும். அதனால் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆழம் இருக்கும் ஒரே நீட்டத்தில் ஏற்றத்தோடு ஒரு முறை, எதிரே ஒரு முறை என்று ஓட்டித்தான் எல்லா அளவையும் எடுத்தோம்.

மாற்றிக் கட்டிப் பார்த்தது

சுற்று குறைவு. சரி, குற்றம் எஞ்சினிலா படகிலா? யோசித்து உட்காருவதைவிட மாற்றிக் கட்டிப் பார்ப்பது சுலபம். நெட்டுக்குப்பத்தில் ஒருவரிடம் இதே மாடல் மோட்டாரும் ஏறக்குறைய இதே அளவுப் படகும் இருந்தன. ஓட்டமும் நன்றாக இருந்தது. ஒரே புரொப்பெல்லர், ஒரே டேங்க், படகில் அதே இரண்டு ஆட்கள். மோட்டாரை மட்டும் மாற்றினோம்.

அவர் மோட்டார் அவர் படகில் 5300. அவர் மோட்டார் நம் படகில் 4800. நம் மோட்டார் அவர் படகில் 4350. நம் மோட்டார் நம் படகில் ஏற்கெனவே பார்த்த 3800.

இந்த நாலு எண்ணைப் பார்த்ததும் தம்பி சொன்னான், “அப்ப ரெண்டுமே அவுட்டாண்ணா?” ஆமாம், இரண்டுமே. அவருடைய நல்ல மோட்டாரையே நம் படகு 500 சுற்று அமுக்குகிறது. நம் மோட்டாரோ நல்ல படகில்கூட 950 சுற்று பின்தங்குகிறது. இதுவரைக்கும் கை வைத்தவர்கள் ஒரே ஒரு திருடனைத் தேடியதால்தான் யாருக்கும் பிடிபடவில்லை. ஒன்றைச் சரி செய்தாலும் இன்னொன்று அமுக்கிக்கொண்டிருந்திருக்கும்; செய்த வேலை சரியா தப்பா என்பதே தெரிந்திருக்காது.

சுற்றில் கொஞ்சம் குறைந்தால் சக்தியில் நிறையக் குறைந்ததாக அர்த்தம். ஒரே படகு, ஒரே புரொப்பெல்லர் என்றால் அதைச் சுற்றத் தேவையான சக்தி, சுற்றின் மும்மடிக்கு ஏற்ப உயரும். 4350-ஐ 5300-ஆல் வகுத்தால் 0.82. அதன் மும்மடி (0.82 × 0.82 × 0.82) 0.55. 15 குதிரையில் எட்டுச் சொச்சம்தான் தண்ணீருக்கு வந்திருக்கிறது. நுணுக்கமான கணக்கில்லை, ஆனால் நிலைமை எவ்வளவு மோசம் என்று காட்டப் போதும்.

அந்த ஒன்பதரை கிலோமீட்டருக்கும் காரணம் உண்டு. தண்ணீரைப் பிளந்து போகும் படகு தானே ஓர் அலையை எழுப்பிக்கொண்டு போகிறது. நீர்க்கோட்டு நீளம் 17 அடி இருக்கும் படகுக்கு மணிக்குப் பத்து கிலோமீட்டர் வாக்கில் அந்த அலை படகு நீளத்துக்கே வந்துவிடும். அதற்கு மேல் போக, படகு தன் முன்னலை மேலேயே ஏற வேண்டும். ஏறுகிற வரை எவ்வளவு திருகினாலும் அணியம் (படகின் முன்பக்கம்) வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் இறங்கும், வேகம் வராது. பாதித் திருகலும் முழுத் திருகலும் ஒன்றாகத் தெரிந்தது இதனால்தான். கொஞ்சம் கூடுதல் சக்தி கிடைத்து ஏறிவிட்டால், வேகம் படிப்படியாக ஏறாமல் தாவும்.

பெட்ரோலும் கம்ப்ரஷனும்

பெரியவரின் சந்தேகத்தை முதலில் தீர்த்து வைத்தேன். அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஆயில் கலக்காத பெட்ரோல் 100 மில்லி, தண்ணீர் 10 மில்லி, நன்றாகக் குலுக்கி நிற்க வைத்தோம். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழடுக்கு முப்பது மில்லியை நெருங்கி நின்றது. அதாவது 20 சதவீத வாக்கில் எத்தனால். 2023-லிருந்து பங்க்குகளில் வரத் தொடங்கிய இ20 பெட்ரோல்தான். சரக்கு கலக்கிறான் என்று பெரியவர் சொன்னது ஒரு வகையில் சரி. சுத்த பெட்ரோலைவிட லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. ஆனால் பக்கத்துக் குப்பத்து மோட்டாரும் அதே பெட்ரோலில்தான் 5300 சுற்றியது. பாதி சக்தி போனதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

இ20 பற்றிப் படகுக்காரர்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் டேங்க் மூடியைத் திறந்து போட்டால், அல்லது உள்ளே தண்ணீர் தெறித்தால், எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். நாம் கலந்த டூ டி (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் உறிஞ்சு குழாய் இருப்பது அடியில். எஞ்சின் ஆயில் இல்லாத சரக்கைக் குடித்து ஜாம் ஆகும். வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறோம் என்றால் கலந்த பெட்ரோலைப் படகிலேயே விட்டுவைக்காதீர்கள்.

சப்ளை தடைப்படுகிறதா என்று பார்க்க இரண்டு வழி. முழுத் திருகலில் ஓடும்போது ரப்பர் பல்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தால் சுற்று ஏறுகிறதா? ஏறவில்லை. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஓர் அடி தெளிந்த டியூபைச் சொருகினால் காற்றுக் குமிழ் தெரிகிறதா? தெரியவில்லை. பெட்ரோல் விஷயத்தை அதோடு மூடினேன். ஹோஸ் மட்டும் உள்பக்கம் பொரிந்து இருந்தது, மாற்றச் சொன்னேன்.

அடுத்தது கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம். அதைப் பார்க்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் துளையில் அழுத்த மீட்டரை மாட்டி, பிளக் வயர்களை பாடியில் எர்த் பண்ணி, முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். எர்த் பண்ணாமல் இழுத்தால் பொறி போக வழியில்லாமல் சி.டி.ஐ.யைத் தின்றுவிடும். மேல் சிலிண்டர் 112, கீழ் சிலிண்டர் 106 பி.எஸ்.ஐ. இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் இந்த வயதுக்கு நல்ல கம்ப்ரஷன். போர் பண்ணு என்றவர்கள் இதைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொறி இரண்டிலும் நீலமாக, பலமாக இருந்தது. பாரத்தோடு ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக எர்த் பண்ணி அணைத்துப் பார்த்ததில் இரண்டிலும் ஒரே அளவு சுற்று குறைந்தது. இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன, இரண்டும் ஒரே மாதிரி சோம்பலாக வேலை செய்கின்றன. ஒரு சிலிண்டரில் மட்டும் இருக்கக்கூடிய குற்றங்கள், அதாவது காயில், பிளக், ரிங் எல்லாம் இதோடு பட்டியலை விட்டுப் போய்விட்டன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது? கார்புரேட்டர், டைமிங் (பொறி விழும் நேரம்), புகை வெளியேறும் வழி.

எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரையும் பார்த்தேன், எண்ணெய்க் கசிவு பற்றிய தம்பியின் சந்தேகம் அங்கேதான் நிற்க முடியும் என்பதால். ரப்பர் உப்பியிருக்கவில்லை. ஆனால் இறக்கைகள் முனை மழுங்கி, அடித்தகட்டில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. அது எண்ணெய் செய்தது இல்லை, சாம்பல் கலந்த தண்ணீர் செய்தது. இந்த ஆற்றில் ஓடும் மோட்டார்களில் இம்பெல்லர் சீக்கிரம் போவதை நான் எப்போதும் பார்க்கிறேன். ஹெட் சூடு அளவோடுதான் இருந்தது, ஆகவே இழுவைக் குறைவுக்கு இது காரணமில்லை. திறந்தது திறந்தாயிற்று என்று புதுசு போட்டேன்.

கம்பி கட்டிய இணைப்பு

கவரைக் கழற்றி, எஞ்சின் ஓடாதபோது கைப்பிடியைக் கடைசி வரை திருகி வைத்தேன். கார்புரேட்டரின் பட்டாம்பூச்சித் தட்டு நன்றாகப் படுத்துவிட்டது, முழுத் திறப்பு. முன்னால் பார்த்தவர்களும் இதுவரைக்கும் பார்த்து, சரியாகத்தானே திறக்கிறது என்று விட்டிருப்பார்கள்.

ஆனால் இந்த ரக மோட்டாரில் கைப்பிடி இரண்டு வேலை செய்கிறது. கார்புரேட்டரைத் திறப்பது ஒன்று. ஃபிளைவீலுக்கு அடியில் காயில்கள் உட்கார்ந்திருக்கும் தட்டைச் சுழற்றிப் பொறியை முன்னால் தள்ளுவது இன்னொன்று. பெட்ரோல் எரிந்து முடிய நேரம் பிடிக்கும். சுற்று ஏற ஏற பிஸ்டன் அதற்குள் ஓடிவிடும், அதனால் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். முழுத் திருகலில், பிஸ்டன் உச்சிக்கு வரும் மேல்புள்ளிக்கு முன் 25 முதல் 30 டிகிரிக்குள் பொறி விழ வேண்டும். தாமதமாக விழுந்தால், பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு அதன் பின்னால் அழுத்தம் வந்து சேரும். பாதி சூடு புகையோடு வெளியே போய்விடும். எஞ்சின் நின்றுபோகாது, திக்காது, கனமான சத்தத்தோடு ஓடும். இழுக்காது.

தட்டின் ஓரத்தில் ஒரு முட்டு இருக்கும். முழுசாகத் திருகினால் அது நிறுத்து கட்டையில் போய் இடிக்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி.

ஏன் இடிக்கவில்லை என்று கண்ணால் பின்தொடர்ந்தேன். கைப்பிடி லீவரையும் தட்டையும் சேர்க்கும் ஒரு சின்னக் கம்பி, விரல் நீளம். அதன் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூட்டு, பந்து மேல் சொடுக்கி உட்காரும். ஒரு முனை உடைந்திருந்தது. யாரோ அதைச் செம்புக் கம்பியால் சுற்றி, மேலே எம்-சீல் அப்பியிருந்தார்கள். பசை காய்ந்து வெடித்து, உள்ளே கம்பிச் சுற்று இளகி நின்றது. லீவரை அசைத்தால் முதலில் அந்த இளக்கம்தான் நகர்கிறது, அப்புறம்தான் தட்டு. டைமிங் லைட்டை வைத்து ஓட்டிப் பார்த்ததில் முழுத் திருகலில் 20 டிகிரிகூட எட்டவில்லை. சும்மா நிற்கும்போது அட்வான்ஸ் (பொறியை முன்னால் தள்ளுவது) அதிகம் தேவையில்லை, அதனால் ஸ்டார்ட்டிங்கிலும் ஐட்லிங்கிலும் ஒரு குறையும் தெரியவில்லை.

இதோடு புது இணைப்பு போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பிளாஸ்டிக் மூட்டு தானாக உடையாது. தட்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். இறுக்கமாக, கறகறவென்று வந்தது. ஃபிளைவீலைப் புல்லர் போட்டு எடுத்தேன். (சுத்தியலால் தட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், உள்ளே காந்தம் கழன்றால் அதற்கு வைத்தியம் கிடையாது.) தட்டு சுழலும் வளையத்தில் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து சோப்புக் கட்டியாக இறுகியிருந்தது. அந்த இறுக்கத்தை எதிர்த்துத் திருகித் திருகித்தான் மூட்டு உடைந்திருக்கிறது. வளையத்தைச் சுரண்டிக் கழுவி, மெரைன் கிரீஸ் தடவியதும் தட்டு ஒரு விரலுக்கு நகர்ந்தது. ஃபிளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவியையும் எடுத்துப் பார்த்தேன். அது அரைகுறையாக வெட்டுப்பட்டாலும் டைமிங் நகர்ந்துவிடும். நல்லபடியாக இருந்தது.

இந்த மாடலுக்கு இணைப்புக் கம்பி பாரிமுனைப் பக்கம் கேட்டதில் கிடைக்கவில்லை. காசிமேட்டில் லேத் பட்டறையில் பித்தளையில் மூட்டு கடைந்து வாங்கினோம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த 61 நாளும் காசிமேட்டுப் பட்டறைகளில் பெரிய படகுகளின் வேலை குவிந்து கிடக்கும், விரல் நீளக் கம்பிக்கு யாரும் மெஷினை நிறுத்த மாட்டார்கள். கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. நீளத்தை சரி செய்து, முட்டு கட்டையில் இடிக்கும் அதே நொடியில் பட்டாம்பூச்சித் தட்டும் முழுசாகப் படுக்கும்படி இரண்டையும் இணைத்தேன்.

நெட்டுக்குப்பத்துப் படகில் மாட்டி ஓட்டினோம். 4350 இருந்தது 4850 ஆயிற்று. பழைய மும்மடிக் கணக்கில் பதினொன்றரை குதிரை. தம்பிக்கு அதுவே சந்தோஷம். எனக்கு இன்னும் 450 சுற்று கணக்கில் வரவில்லை.

கரி

அந்த மீதி எங்கே இருக்கும் என்று ஒரு குறிப்பு ஏற்கெனவே கிடைத்திருந்தது. ஆயில் எவ்வளவு கலக்கிறாய் என்று கேட்டதற்குத் தம்பி கையால் ஒரு அளவு காட்டினான். கை அளவுதான். லிட்டருக்கு 20 மில்லி போட வேண்டிய இடத்தில் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். என்ன ஆயில் என்று கேட்டால், ஸ்கூட்டருக்கு ஊற்றுவது. அது இல்லாத நாளில் எஞ்சின் ஆயில். பாவம், ஆயில் கூடினால் எஞ்சினுக்கு நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீரில் குளிரும் அவுட்போர்டு மோட்டாருக்கு டி.சி.-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் தனி. அது சாம்பல் விடாத வகை. மற்றவை எரிந்தால் மிச்சம் விட்டுப் போகும். ஆற்றுக்குள் மெதுவாகவே ஓட்டுகிற மோட்டாரில் அந்த மிச்சம் புகைவழியில் படிந்து இறுகும்.

சிலிண்டர் பக்கவாட்டிலுள்ள புகைவழி மூடியைக் கழற்றினால் போர்ட் நேரே தெரியும். கழற்றுவதுதான் கஷ்டம். உப்பில் ஊறிய போல்ட், அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் ஆயிலை ஊற வைத்து, சூடு காட்டி, ஒரேயடியாகத் திருகாமல் முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக நகர்த்தினேன். அப்படியும் ஒரு போல்ட் தலை முறிந்தது. துளை போட்டு எடுத்து, புது மரை அறுக்க வேண்டியதாயிற்று. இந்த வேலைக்குக் கூலி பேசும்போது முறியும் போல்ட்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

உள்ளே போர்ட் ஓரமெல்லாம் கறுப்பாகப் பொருக்கு கட்டி, வாயில் மூன்றில் ஒரு பங்கு அடைந்திருந்தது. மேல் விளிம்பில்தான் அதிகம். டூ ஸ்ட்ரோக்கில் அந்த மேல் விளிம்புதான் புகை வெளியேற ஆரம்பிக்கும் நேரத்தை முடிவு செய்கிறது. அங்கே கரி தொங்கினால் வழியும் குறுகுகிறது, திறக்கும் நேரமும் தள்ளிப்போகிறது. பழைய புகை முழுசாகப் போகாத சிலிண்டருக்குள் புதுக் காற்று எவ்வளவு நுழையும்?

பிஸ்டனை மேலே ஏற்றி போர்ட்டை மூடி வைத்துக்கொண்டு, மூங்கில் சிம்பைச் சீவிக் கரியைச் சுரண்டினேன். ஸ்க்ரூ டிரைவர் கூடாது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த கரி அந்தக் கீறலில்தான் பிடிக்கும், பிஸ்டனில் விழுந்தால் இன்னும் மோசம். தண்ணீர் ஓடும் அறையிலிருந்த உப்புப் பொருக்கையும் எடுத்தேன். புது கேஸ்கட், போல்ட்டுகளுக்கு கிரீஸ்.

அதே படகு, அதே புரொப்பெல்லர்: 5200. மிச்சம் நூறு சுற்றை இருபது வயதுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

படகின் பங்கு

மோட்டாரை நம் படகில் மாட்டினால் 4700-ஐத் தாண்டவில்லை. எதிர்பார்த்ததுதான்.

படகைக் கரையேற்றினோம். வழக்கமாகக் கரையேற்றும் படகைவிடக் கூடுதலாக ஆட்கள் தேவைப்பட்டபோதே பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அடியில் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிர்) அதற்கு மேல் கொத்துக் கொத்தாகக் காக்கா ஆழியும். தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்த மட்டி இது. இங்கே சில வருடங்களாக ஆற்றுப் படுகையைப் பாய் விரித்தது போல மூடி, இறால் தங்க இடமில்லாமல் செய்திருக்கிறது. ஆற்றிலேயே கட்டிக் கிடக்கும் படகையும் அது விட்டுவைக்கவில்லை. சுரண்டி எடுத்தோம்.

அதைவிடப் பெரிய பாரம் உள்ளே இருந்தது. ஃபைபர் படகின் இரட்டை அடித்தளத்துக்கு நடுவே மிதப்புக்காக ஃபோம் அடைத்திருப்பார்கள். எங்கோ ஒரு வெடிப்பு, அல்லது சரியாக அடைக்காத ஒரு ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஃபோம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெளியே தெரியாது. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தால் காய்ந்த இடத்தில் டொக்கென்றும் ஊறிய இடத்தில் தொப்பென்றும் கேட்கும். பின்பக்கம் முழுக்கத் தொப்பென்றுதான் கேட்டது. படகைச் சாய்த்து நிறுத்தி, தாழ்வான மூலையில் ஒரு துளை போட்டோம். முதலில் ஒன்றும் வரவில்லை. ஒரு குச்சியை விட்டுக் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் நூலாக இறங்க ஆரம்பித்து, மறுநாள் காலை வரை நிற்கவில்லை. வந்தது நூறு லிட்டருக்கு மேல். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு ஆள் பாரத்தைப் பின்பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அணியத்தை இறக்க முடியாமல் இந்தப் படகு இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

வெடிப்பு மோட்டார் மாட்டும் போல்ட் துளையைச் சுற்றி இருந்தது. துளையை உலர்த்தி, ரெசினும் ஃபைபர் பாயும் வைத்து அடைத்து, போல்ட்டைச் சீலன்ட் போட்டு மாட்டினோம். ஊறிய ஃபோம் முழுசாகக் காயாது. தளத்தை வெட்டி எடுத்துப் புது ஃபோம் போட்டால்தான் தீரும். அதற்குத் தம்பி இப்போதைக்கு ஒத்துக்கொள்ளவில்லை; வடிகால் துளைக்கு மரையோடு ஒரு மூடி போட்டு, மாதம் ஒரு முறை திறந்து வடிப்பதாக ஏற்பாடு.

கடைசி ஓட்டத்தில் நம் மோட்டார் நம் படகில் 5050. ஜி.பி.எஸ்.ஸில் இரண்டு திசைக்கும் சராசரி 20 கிலோமீட்டர். சுற்று 4600 வாக்கில் அணியம் தூக்கி நின்று, அப்புறம் ஒரே இறக்கமாக இறங்கி, படகு மட்டமாக ஓடியது. “இன்னாண்ணா, புது மோட்டார் மாதிரி கீது” என்றான் தம்பி. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பிடியை வாங்கிக்கொண்டு தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

செலவில் பெரிய தொகை கூலிதான். பார்ட்ஸ் என்று பார்த்தால் இம்பெல்லர், கேஸ்கட், ஹோஸ், லேத் வேலை. எல்லாம் சேர்த்து அந்த சி.டி.ஐ. விலையில் பாதிகூட வரவில்லை.

ஆயிலுக்கு 100 மில்லி அளவுக் குப்பி ஒன்று கொடுத்தேன். ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு குப்பி. ஃபிளைவீல் வளையத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை கிரீஸ், இம்பெல்லரை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் திறந்து பார்ப்பது. ஒரு மாதம் கழித்து வடிகால் மூடியைத் திறந்தபோது ஒரு வாளிக்கும் குறைவாகத்தான் வந்ததாம். போல்ட் துளை அடைத்தது பிடித்திருக்கிறது, பழைய ஃபோம்தான் இன்னும் கக்குகிறது.